கோபுரத்தின் அடையாளத்தைக் கேட்பவர் யார்?

2022 டிசெம்பர் இறுதியில் பரிஸ் நகரில் காரொன்றை மறித்துச் சோதித்த பொலிஸார், உள்ளேயிருந்த கருவியைக் கண்டு வெடிகுண்டோ என ஐயுற்றனர். அது வெடிகுண்டன்று, போலிக் கைத்தொலைபேசித் தளநிலையம். அரச மருத்துவக் காப்புறுதியின் பெயரால் மோசடிக் குறுஞ்செய்திகளைப் பரப்ப அது பயன்பட்டமை பின்னர் தெரியவந்தது. 2024 மே மாதத்தில் பிரித்தானியாவிலும் இத்தகைய கருவி தொடர்பாக இருவர் கைதாகினர்.

வீதியிற் செல்லும் காரொன்று எமது சட்டைப்பையிலுள்ள தொலைபேசியைத் தன்வசமாக்குவது எங்ஙனம்?

தொலைபேசியை இயக்கியதும் அது முதலிற் பேசுவதில்லை, செவிமடுக்கின்றது. தானறிந்த அலைவரிசைகளைத் துழாவி, வலுவான சமிக்ஞையைத் தேர்ந்து, அதன் நேரக்கணக்குடன் தன்னை இசைவித்துக்கொள்கின்றது. கோபுரம் இடைவிடாது ஒலிபரப்பும் நாட்டு எண்ணையும் நிறுவன எண்ணையும் வாசிக்கின்றது. பிரான்சுக்கு 208, சுவிற்சர்லாந்துக்கு 228. எண் பொருந்தினால் மிகக்குறுகிய அழைப்பொலியொன்றை அனுப்புகின்றது. இரு தொலைபேசிகள் ஒரே கணத்தில் அழைத்து மோதிக்கொண்டால், சற்றுப் பொறுத்து மீண்டும் முயலும். இடம் கிடைத்ததும் சிம் அட்டையிலுள்ள அடையாள எண்ணைக் கூறுகின்றது. கோபுரம் ஓர் எண்ணைக் கொடுத்துப் பரீட்சிக்கும். அட்டைக்குள் மறைந்திருக்கும் இரகசியத் திறவுகோலைக் கொண்டு விடை சொல்லவேண்டும்.

குறை இங்கேதான். 1991 இல் பின்லாந்தில் சேவைக்கு வந்த இரண்டாந் தலைமுறை முறைமையில், தொலைபேசிதான் தன்னை நிரூபிக்கவேண்டும். கோபுரம் நிரூபிக்க வேண்டியதில்லை. எல்லையில் எம்மிடம் அட்டை கேட்பவர் தமது அட்டையைக் காட்டாததைப் போன்றது இது. மூன்றாந் தலைமுறையில் இருதரப்புப் பரீட்சை வந்தது. ஆயினும் பழைய முறைமையை ஏற்கும் தொலைபேசியை அதற்கே இறக்கிவிடுவது மோசக்காரருக்குக் கடினமன்று. அப்பால் வரும் குறுஞ்செய்தி நிறுவனத்தின் வடிகட்டிகளைத் தொடாமலே, எந்த வங்கியின் பெயரிலும் வரலாம்.

இக்குறையால் அரசுகளும் பயனடைந்தன என்பதை நாம் மறத்தலாகாது. இத்தகைய கருவிகளைப் பொலிஸார் கையாள்வதற்கு யேர்மனி 2002 இலேயே சட்டத்தில் இடமளித்தது. கள்வனுக்கும் காவலனுக்கும் ஒரே கதவு.

சுவிஸ்கொம் 2020 முடிவில் இரண்டாந் தலைமுறைச் சேவையை நிறுத்தியது. பிரித்தானிய நிறுவனங்கள் 2033 வரை தவணை பெற்றுள்ளன. இத்தவணை மிக நீண்டதென்பதே எமது கருத்து. 2021 இல் வெளியான அன்ட்ரொயிட் 12 முதல், பல தொலைபேசிகளில் 2ஜியை நிறுத்தும் வசதியுண்டு. நிறுத்தினாலும் அவசர அழைப்பு தடைப்படாது. வீட்டிலுள்ள முதியோரின் தொலைபேசியிலும் வாசகர்கள் அதைத் தேடிப் பார்க்கலாம்.