பெங்களூருல குடிச்சா 'கிராஃப்ட்'... பனையடியில குடிச்சா கேஸா?

தோழர்களே,

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் போதும். பெங்களூரு இந்திராநகர் 'டாய்ட்', வைட்ஃபீல்டு 'விண்ட்மில்ஸ்' என்று வரிசையா ரீல்ஸ் வருது. மரப்பலகையில் ஐந்தாறு சின்னக் கிளாஸ், ஒவ்வொன்றிலும் ஒரு வகை பியர். ஒண்ணுல வாழைப்பழ வாசம், ஒண்ணுல காபி வாசம், இன்னொண்ணு பாஸ்மதி அரிசி போட்டுக் காய்ச்சினது. பக்கத்துலயே பளபளன்னு செப்பு நிறத் தொட்டிகள். "இங்கேயே காய்ச்சி இங்கேயே ஊத்துறோம்" என்று பெருமையா ஒரு விளக்கம். அதுக்குப் பேர் 'பிரூவரி டூர்', 'டேஸ்டிங்', 'எக்ஸ்பீரியன்ஸ்'.

போறவங்களைத் திட்ட இந்தப் பதிவு இல்லை. அது அவங்க காசு, அவங்க விருப்பம். சட்டம் அனுமதிக்குது, போறாங்க.

நாங்க கேட்கிறது வேற கேள்வி. அதே வேலையை நம்ம ஊர்ப் பனையேறி செஞ்சா மட்டும் ஏன் போலீஸ் வருது?

முதலில், கிராஃப்ட் பியர்னா என்னன்னு பார்ப்போம். அதைக் கொண்டாடுறவங்க சொல்ற இலக்கணம் நாலு: சின்ன அளவில் செய்யணும். ரசாயனப் பூச்சு இல்லாம இயற்கையா நொதிக்கணும். புதுசாக் குடிக்கணும். யார் செஞ்சதுன்னு முகம் தெரியணும்.

இப்போ கள்ளை இந்த நாலுலயும் வெச்சு உரசிப் பாருங்க. ஒரு மரம், ஒரு ஆள், ஒரு கலயம். இதைவிடச் சின்ன அளவு உலகத்துல உண்டா? ஈஸ்ட் பாக்கெட் வாங்கிப் போட வேண்டியதில்லை. பாளையிலும் கலயத்திலும் காற்றிலும் இருக்கிற ஈஸ்ட்டே அதை நொதிக்க வைக்குது. காலையில் இறக்கினது மாலைக்குள்ள புளிப்பேறிடும், விட்டா காடியாகிடும். அதனால புதுசாக் குடிச்சே ஆகணும். இறக்கினவர் யார்? மரத்தடியில் உங்க எதிர்லயே நிக்கிறார்.

பெங்களூரு பியருக்கு ஹாப்ஸ் எங்கிருந்து வருது? பெரும்பாலும் ஜெர்மனி, அமெரிக்கா மாதிரி நாடுகள்ல இருந்து இறக்குமதி. நம்ம கள்ளுக்கு வேண்டியது ஒரு பனை, ஒரு அரிவாள், உயிரைப் பணயம் வெச்சு ஏறுற ஒரு மனுஷன். இதுல எது கிராஃப்ட்?

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்துல 'கான்டில்லான்' என்று ஒரு மதுவாலை இருக்கு. 1900ல் தொடங்கியது. அங்கே செய்யிற 'லாம்பிக்' பியருக்கு ஈஸ்ட் சேர்ப்பதே இல்லை. காய்ச்சின சாற்றைத் திறந்த தொட்டியில் ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காற்றில் வர்ற ஈஸ்ட்டே நொதிக்க வைக்கட்டும்னு விட்டுடுவாங்க. இந்த அதிசயத்தைப் பார்க்க உலகம் முழுக்க இருந்து டிக்கெட் வாங்கி வர்றாங்க. 2016ல் பெல்ஜியத்தின் பியர் பண்பாட்டையே யுனெஸ்கோ மரபுச் செல்வமாக அறிவிச்சது.

அந்த அதிசயம் தூத்துக்குடியிலும் ராமநாதபுரத்திலும் தினமும் பனை உச்சியில நடக்கக்கூடியது தோழர்களே! அங்கே அது பாரம்பரியச் செல்வம். இங்கே அது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

கோவாவைப் பாருங்க. முந்திரிப் பழத்தில் காய்ச்சுற ஃபெனிக்கு 2009லேயே புவிசார் குறியீடு வாங்கிட்டாங்க. கேரளாவில் கள்ளுஷாப்பு மீன்கறிக்காகவே குடும்பத்தோட போறாங்க. 1969லேயே கள் தொழிலாளர்களுக்கு நல நிதிச் சட்டம் போட்ட மாநிலம் அது. எல்லை தாண்டினா தொழிலாளி, எல்லைக்கு இந்தப் பக்கம் குற்றவாளி. அதே மரம், அதே ஆள்!

இன்னும் ஒரு கூத்து. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்கினா அது பதநீர். சட்டப்படி சரி. தடவாம இறக்கினா அது கள். கைது. ஆக ஒரு மனுஷன் உழைப்பாளியா குற்றவாளியா என்பதை ஒரு விரல் சுண்ணாம்பு முடிவு பண்ணுது. பனை நம்ம மாநில மரம். அதை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு அரசே சொல்லுது. நல்லது, வரவேற்கிறோம். ஆனா மரத்துக்குப் பாதுகாப்பு, மரமேறிக்கு லாக்கப்பா? ஏற ஆளில்லாத மரம் எத்தனை நாள் நிக்கும்?

சரி, மக்கள் நலனுக்காகத்தான் தடைன்னு சொல்றீங்களா? கணக்கைப் பார்ப்போம்.

1937ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது, அது எல்லாப் போதைக்கும் சேர்த்துத்தான். அதில் ஒரு நேர்மை இருந்தது. 1987ல் கள்ளுக்குத் தடை போட்டார்கள். ஆனால் 1983ல் தொடங்கிய டாஸ்மாக் வளர்ந்துகொண்டே வந்தது. 2003 இறுதியில் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. 2023-24ல் மட்டும் டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். இதுக்குப் பேர் மதுவிலக்கா? வியாபாரப் போட்டியாளனை ஒழிச்சுக்கட்டினதுக்குப் பேர் மதுவிலக்கா?

டாஸ்மாக் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டரில் சுமார் 77 மில்லி. கள்ளில் இருப்பது ஏறக்குறைய 5 சதவீதம், பியர் அளவுதான். அந்த ஒரு குவார்ட்டர் அளவு ஆல்கஹால் உள்ளே போகணும்னா ஒன்றரை லிட்டர் கள் குடிக்கணும். அதிகமா இருக்கிறதை அரசே கவுன்ட்டர் போட்டு விக்குது. குறைவா இருக்கிறதுக்கு அரிவாளையும் கலயத்தையும் பறிமுதல் பண்ணுது. எந்த ஊர் நியாயம் இது?

எதிர்த்தரப்பு வாதத்துக்கு வருவோம்.

"கள்ளுல கலப்படம் பண்ணுவாங்க." உண்மை, கலப்படம் நடக்கும். மற்ற மாநிலங்களில் நடந்தும் இருக்கு. ஆனா பாலில் கலப்படம் நடந்தா பாலைத் தடை பண்ணினோமா? ஆய்வாளரை அனுப்பினோம், பரிசோதனைக்கூடம் வெச்சோம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவங்க செத்தாங்களே, அது கள் குடிச்சா? மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு. கள்ளும் கள்ளச்சாராயமும் ஒண்ணுன்னு குழப்புறவங்க, தெரிஞ்சேதான் குழப்புறாங்க.

"வள்ளுவரே கள்ளுண்ணாமை பாடியிருக்கார்." ஆமா, தனி அதிகாரமே வெச்சிருக்கார். அதைத் தாராளமா எடுத்து ஒவ்வொரு டாஸ்மாக் வாசல்லயும் எழுதி வையுங்க, நாங்களே பெயின்ட் வாங்கித் தர்றோம். பனையேறிக்கு மட்டும் வள்ளுவர், பாட்டில் கம்பெனிக்கு லைசென்ஸ் என்பது எந்தக் குறள்ல இருக்கு?

"குடியை நீங்களே ஊக்குவிக்கிறீங்க." இல்லை. கள் மருந்துன்னு நாங்க சொல்லலை. அளவு மீறினா எதுவும் கெடுதல்தான். அரசியல் சட்டத்தின் 47ஆம் பிரிவு மதுவிலக்கு நோக்கிப் போகச் சொல்லுது. போங்க! முதல்ல 42.8 சதவீதத்தை மூடுங்க, பிறகு 5 சதவீதத்தைப் பத்திப் பேசலாம். ஏணியில மேல்படியை விட்டுட்டு அடிப்படியை மட்டும் உடைக்கிறது சீர்திருத்தம் இல்லை.

சட்டம் மாறினா என்ன நடக்கும்னு அமெரிக்கா காட்டியிருக்கு. அங்கே 1933ல் மதுவிலக்கு போனபிறகும் வீட்டில் பியர் காய்ச்சுவது குற்றமாகவே இருந்தது. 1978ல் ஜிம்மி கார்ட்டர் ஒரு கையெழுத்துப் போட்டு அதை நீக்கினார். அப்போ நாடு முழுக்க 100 மதுவாலைகூட இல்லை. நாலைஞ்சு ராட்சதக் கம்பெனிங்க ராஜ்ஜியம். இன்னைக்கு 9,000க்கும் மேல். சின்ன ஊர்லகூட சொந்த பியர், அதை நம்பி உள்ளூர் வேலை. சாதாரண மனுஷன் கையைக் கட்டிப்போட்டிருந்த கயிறை அவிழ்த்தாங்க, மிச்சத்தை அவனே செஞ்சுக்கிட்டான்.

நம்ம பனையேறி கேட்கிறதும் அந்தக் கயிறை அவிழ்க்கத்தான். மானியம் கேட்கலை, இலவசம் கேட்கலை. என் மரத்துல நான் இறக்கினதை விக்க விடுன்னு கேட்கிறார். அவர் கைக்கு வர்ற காசு அந்த ஊர் மளிகைக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான் போகும்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை:

1. கள்ளை 1937 மதுவிலக்குச் சட்டத்தின் தடையிலிருந்து விலக்கு.
2. பனை, தென்னைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு மட்டும் உரிமம் கொடு. ஏலம் வேண்டாம், பெருமுதலாளி உள்ளே வர வேண்டாம்.
3. வட்டாரத்துக்கு ஒரு பரிசோதனைக்கூடம் வை. கலப்படம் செய்தவன் உரிமத்தை நிரந்தரமாக ரத்து செய்.
4. கள் இறக்கியதற்காக மட்டும் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெறு.
5. மரமேறும் தொழிலாளிக்கு விபத்துக் காப்பீடும் ஓய்வூதியமும் கொடு.
6. டாஸ்மாக் கடைகளை ஆண்டுதோறும் படிப்படியாகக் குறை.

தோழர்களே, அடுத்த தடவை பெங்களூருல அந்த மரப்பலகை உங்க முன்னாடி வந்து நின்னா, போட்டோ எடுங்க, போடுங்க. கூடவே ஒரு வரி சேர்த்துப் போடுங்க: "எங்க ஊர்ல இதைச் செஞ்சவர் மேல கேஸ் இருக்கு."

அந்த ஒரு வரி கோட்டை வரைக்கும் கேக்கட்டும். படித்தால் போதாது, பகிருங்கள்!

#கள்_குற்றமல்ல
#பனையேறி_குற்றவாளியல்ல