பூனையின் இரவுத் தூக்கம் பகலிலேயே தொடங்குகிறது

புலம்பெயர்ந்து வாழும் எமது வீடுகளில் பூனை வளர்ப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள், நாமும் வாங்கிக் கொடுக்கிறோம். நியூசிலாந்தே பூனைப் பிரியர்களின் நாடுதான். 2020ஆம் ஆண்டு கம்பானியன் அனிமல்ஸ் நியூசிலாந்து வெளியிட்ட கணக்கின்படி இங்கு ஏறத்தாழ 12 இலட்சம் வளர்ப்புப் பூனைகள் இருந்தன. நூறு வீடுகளில் 41 வீடுகளிலாவது ஒரு பூனை இருந்தது. ஆனால் பூனை வளர்க்கும் இருவர் சந்தித்தால் பேச்சு விரைவில் ஒரே முறைப்பாட்டில் வந்து நிற்கும்: "இரவிலே தானும் தூங்காது, எங்களையும் தூங்க விடாது."

இதற்குப் பலர் காணும் தீர்வு, கதவைத் திறந்து பூனையை வெளியே விட்டுவிடுவது. ஊரில் அப்படித்தான் செய்தோம். அங்கே பூனை எலி பிடிப்பதற்காக வளர்க்கப்பட்டது, இரவு அதன் வேலை நேரம். ஆக்லாந்தில் நிலைமை வேறு. வெளியே வாகனங்கள் உண்டு. அயல் பூனைகளோடு சண்டை உண்டு. அந்தக் கடியால் சீழ்க்கட்டியும், பூனைகளின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்.ஐ.வி. என்னும் வைரசும் வரலாம். இந்நாட்டுக்கே உரிய பல்லிகளில் பலவும் வேட்டா பூச்சிகளும் இரவில் நடமாடுகின்றன. அவை பூனைக்கு எளிதில் இரையாகின்றன. பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிட்டதாக நினைக்குமாம் என்பார்கள். பூனையை வெளியே விட்டுக் கதவை மூடியதும் பிரச்சினை முடிந்தது என்று நினைக்கும் நாமும் அப்படித்தான்.

இரவில் பூனை அமைதியில்லாமல் திரிவது குறும்பு அல்ல என்பதே என் கருத்து. ஒன்றில் அதன் பகல் சரியாக அமையவில்லை, அல்லது அதன் உடம்பில் ஏதோ சுகமில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தால் பூனை வீட்டுக்குள்ளேயே நிம்மதியாகத் தூங்கும், நாமும் தூங்கலாம்.

பூனை இயல்பில் விடியலிலும் அந்தியிலும் வேட்டையாடும் பிராணி. நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேரம் வரை தூங்கும். காலை எட்டு மணிக்கு எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டால், யாருமில்லாத வீட்டில் அது வேறு என்ன செய்யும்? பகல் முழுவதும் தூங்கும். நாம் களைத்து வீடு திரும்பும்போது அது தூக்கம் முடித்து விளையாடத் தயாராக நிற்கும்.

பூனையின் இயற்கை ஒழுங்கு வேட்டை, உணவு, உடம்பை நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பதாகும். அதே ஒழுங்கை நாம் வீட்டுக்குள் அமைத்துக் கொடுக்கலாம். படுக்கைக்குப் போகுமுன் ஒரு கோலின் நுனியில் இறகோ துணியோ கட்டிப் பத்து நிமிடம் அதை ஓடவும் பாயவும் விடுங்கள். கடைசியில் அந்த இரையைப் பிடிக்க விட்டு, உடனே இரவு உணவைக் கொடுங்கள். இங்கிலாந்தின் எக்சிற்றர் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டப்பட்ட பூனைகள் வேட்டையாடி வீட்டுக்குக் கொண்டுவரும் இரை 25 வீதம் குறைந்தது. வேட்டைத் துடிப்பை விளையாட்டால் தணிக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று. பிள்ளைகளிடம் ஒப்படைக்க இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

அதிகாலை நான்கு மணிக்குக் கத்தினால் எழுந்து உணவு வைக்காதீர்கள். வைத்தால், கத்தினால் கிடைக்கும் என்று பூனை படித்துக்கொள்ளும். கவனிக்காமல் விட்டால் முதல் சில நாட்கள் கூடுதலாகக் கத்தும், பிறகு அடங்கும். ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே முடிவில் நிற்கவேண்டும். அம்மா மறுக்க, அப்பம்மா இரக்கப்பட்டு மீன்துண்டு போட்டால் பாடம் கெட்டுவிடும். குறித்த நேரத்தில் தானே திறக்கும் உணவுப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது. செப்டெம்பரிலும் ஏப்ரலிலும் நாம் மணிக்கூட்டை மாற்றுவது பூனைக்குத் தெரியாது என்பதால், அந்நாட்களில் உணவு நேரத்தைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

அடுத்தது குளிர். உடல் வெப்பத்தைக் காக்கக் கூடுதல் சக்தி செலவழிக்காமல் பூனை சுகமாக இருக்கும் வெப்பநிலை 30 முதல் 38 பாகை செல்சியஸ். ஆக்லாந்தில் ஜூலை இரவுகள் 7, 8 பாகைக்கு இறங்குகின்றன. நாம் போர்வைக்குள் இருக்கிறோம், பூனையோ ஈரலிப்பான தரையில். தரையிலிருந்து சற்று உயரத்தில், காற்றுப் படாத மூலையில், கம்பளி விரித்த ஓர் அட்டைப் பெட்டி போதும்.

வயதான பூனை நடுச்சாமத்தில் நீளமாகக் கத்தினால் அபசகுனம் என்று சொல்லும் பழக்கம் எம்மிடம் இன்னும் இருக்கிறது. தைரொயிட் சுரப்பு மிகுதல், உயர் இரத்த அழுத்தம், மூட்டு வலி, பார்வைக் குறைவு, முதுமை மறதி ஆகியவை பூனைக்கும் உண்டு. நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தால், தண்ணீர் அதிகம் குடித்தால், மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். ஆண் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் முக்கினால் விடியும்வரை காத்திருக்கவே கூடாது, அது உயிராபத்து. கருத்தடை செய்யாத பூனையும் இரவில் ஓயாது கத்தும். அதற்குச் சத்திரசிகிச்சையே வழி.

நல்லது செய்வதாக எண்ணிச் சிலர் செய்யும் கைவைத்தியம் பற்றியும் சொல்லவேண்டும். பரசிட்டமோல் பூனைக்கு நஞ்சு, ஒரு மாத்திரையே கொல்லும். கோடாலித் தைலம், யூக்கலிப்ரஸ் எண்ணெய் எதையும் பூசாதீர்கள். அது நக்கி விழுங்கும், அதன் ஈரலால் அவற்றை முறிக்க முடியாது. தெள்ளுக் கடியாலும் பூனை தூங்காமல் சொறியும். ஆனால் பெர்மெத்ரின் கலந்த, நாய்க்கான தெள்ளு மருந்தைப் பூனைக்கு இடக்கூடாது. படுக்கப் போகும்போது பால் வைப்பதும் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வெண்காயமும் உள்ளியும் சேர்ந்த கறிச்சோறும் ஆகாது.

இங்கு வாணவெடிகள் கடைகளில் விற்கப்படுவது நவம்பர் 2 முதல் 5 வரை மட்டுமே. வாங்கி வைத்துத் தீபாவளிக்கும் கொளுத்துகிறோம். அந்த இரவுகளில் பூனையை உள்ளே வைத்து, திரைச்சீலையை மூடி, ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுங்கள்.

"சுதந்திரமாகத் திரியும் பிராணியை அடைத்து வைப்பது பாவமில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். விளையாட்டு இல்லாமல், ஏறி இருக்க ஒரு சன்னல் மேடை இல்லாமல், சுத்தமான மணல் தட்டு இல்லாமல் அடைத்தால் அது பாவமே. இவை எல்லாம் கொடுத்து இரவில் மட்டும் உள்ளே வைப்பது சிறை அல்ல, பாதுகாப்பு. நாம் பிள்ளைகளை இருட்டியபின் வெளியே விடுவதில்லையே.

ஆகவே, பூனையை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று யோசிக்கும் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு வாரம் விளையாட்டையும் உணவையும் படுக்கையையும் ஒழுங்குபடுத்திப் பாருங்கள். எத்தனை மணிக்குக் கத்துகிறது, அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். மாற்றம் இல்லையென்றால் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள். நோயைக் கண்டுபிடிக்க அது அவருக்குப் பெரிதும் உதவும்.