இரண்டாய் மடித்த துணி

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்றது. எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த மழை இன்னும் காதில் பெய்துகொண்டிருக்கிறது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர். ஏரிகள் கோடி போயின. வாய்க்கால் எது, வரப்பு எது என்று தெரியாமல் கழனியெல்லாம் ஒரே வெள்ளக்காடு. எங்கள் குடும்பத்துக் கழனியில் நின்ற சம்பாவும் அதில் போயிற்று.

மழை விட்டுப் பத்து நாள் கழித்து, நண்பர் ஒருவரைப் பார்க்க மேல்சித்தாமூர் போனேன். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட ஊர். பேருந்து போன வழியெல்லாம் படுத்துக் கிடந்த பயிர். அழுகல் நாற்றம் சன்னல் வழியாக உள்ளே வந்தது. வண்டியில் யாரும் அதிகம் பேசவில்லை.

நண்பரின் வீட்டுப் பின்கட்டில் ஒரு கிணறு உண்டு. அவருடைய தாயார் அதில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை இரண்டாய் மடித்துப் போட்டு, வாளித் தண்ணீரை அதன் மேல் மெதுவாக ஊற்றினார். குடம் நிறைந்ததும், வடிகட்டிய தண்ணீரிலேயே கொஞ்சம் எடுத்துத் துணியின் மேல்புறத்தை அலசி, அந்த அலசலைக் கிணற்றிலேயே இறக்கிவிட்டார். துணியில் தங்கிய சிற்றுயிர் ஏதாவது இருந்தால் அது தன் இடத்துக்கே திரும்பிப் போகட்டும் என்று.

"தண்ணி கலங்கலா இருக்குன்னு வடிகட்டுறீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"கலங்கலா இருந்தாலும் வடிகட்டுவோம், தெளிஞ்சிருந்தாலும் வடிகட்டுவோம் தம்பி. எங்க வூட்ல எப்பவும் இப்படித்தான்."

"பயிர்?"

"ரெண்டு காணியும் படுத்துப்போச்சு. அதுக்காக இத வுட்ற முடியுமா?" என்றவர், வானத்தைப் பார்த்தார். "பொழுது சாயுது. சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி, இருட்டறதுக்குள்ள."

அந்த வீட்டில் அந்தி சாய்ந்தபின் உண்பதில்லை. வெள்ளம் வந்த வாரத்திலும் அந்த வழக்கம் மாறவில்லை.

மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் தலைமையூர். அவர்களுடைய ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. சமணர் என்றதும் நகரத்துக் கடைவீதியில் நகைக்கடையோ துணிக்கடையோ வைத்திருக்கும் வடநாட்டு வணிகர்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். நயினார்கள் எனப்படும் இந்த மண்ணின் சமணர்கள் வேறு. தாய்மொழி தமிழ், பெரும்பாலோருக்குத் தொழில் உழவு. நெல்லும் மல்லாட்டையும் போட்டு, மழைக்கும் சந்தை விலைக்கும் நடுவே நம்மைப் போலவே அல்லாடுகிறவர்கள். ஊரில் இரண்டு கோயில்கள். மலைநாதர் கோயிலில் சுமார் ஆயிரத்து நூறு ஆண்டுகளாகப் பாறையில் நிற்கும் தீர்த்தங்கரர் உருவங்கள். சற்றுத் தள்ளி, கோபுரமும் மானஸ்தம்பமும் தேருமாகப் பார்சுவநாதர் கோயில். மானஸ்தம்பம் என்றால் செருக்கை இறக்கி வைக்கச் சொல்லும் தூண். அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

அன்று மாலை அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது துணியைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். இதே வட்டாரத்தில் இதே துணியைப் பற்றி ஒரு பழங்கதை வழங்குகிறது. மயிலை சீனி. வேங்கடசாமி தம்முடைய 'சமணமும் தமிழும்' நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். 1478 வாக்கில், செஞ்சியில் ஆண்ட நாயக்கன் ஒருவனுக்குச் சமணர்கள் மேல் தீராத கோபம். தலைகள் விழுந்தன. பலர் திருநீறு பூசி உயிர் தப்பினார்கள். பலர் ஊரைவிட்டு ஓடினார்கள். அந்தப் பயங்கரத்தின் நடுவில் ஒருவர் குளக்கரையில் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தார். சமணர் என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. சேவகர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு நாயக்கனுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. அந்த மகிழ்ச்சியில் அவரை விட்டுவிட்டான். அவர் சிரவணபெளகொளாவுக்குப் போய்ப் படித்துத் துறவியாகி, வீரசேனாசாரியர் ஆனார். பின்னாளில் தாயனூர்க் காங்கேய உடையார் அவரைத் தேடிப் போய் அழைத்து வந்தார். சிதறிப்போன சமூகம் மெல்ல மெல்ல மீண்டும் கூடியது.

சிறுவயதில் இதைக் கேட்டபோது, உயிர் தப்பிய அதிசயம்தான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது என் மனம் அந்தக் குளக்கரையிலேயே நின்றுவிடுகிறது. தலை போகும் நாளிலும் ஒரு மனிதர் தாகத்துக்குத் தண்ணீர் எடுக்கிறார். எடுக்கும்போது வழக்கப்படி துணியை மடிக்கிறார். தன் உயிரே கயிற்றில் ஊசலாடும்போது கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரை எண்ணிக் கை தானாகச் செய்கிற வேலை அது. உலகம் தலைகீழானபோதும் அவர் அவராகவே இருந்தார். நிம்மதி என்று நாம் தேடுவது இதைத்தானோ என்று தோன்றுகிறது.

மகிழ்ச்சியும் நிம்மதியும் ஒன்றென்று நினைத்துக்கொண்டுதான் நானும் வளர்ந்தேன். சங்கத் தமிழில் 'மகிழ்' என்ற சொல்லுக்குக் கள் என்றும் கள் தரும் களிப்பு என்றும் பொருள் உண்டு. நம் முன்னோர் தெரிந்துதான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறும், இறங்கும், தெளியும். அது வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அறுவடை முடிந்து கையில் பணம் வரும் நாளில் மனம் துள்ளத்தான் வேண்டும். அந்தத் துள்ளலை மட்டுமே வாழ்க்கைக்கு அஸ்திவாரமாகப் போட்டால், அடுத்த மழையில் வீடு இருக்காது.

1978இல் அமெரிக்காவில் பிலிப் பிரிக்மனும் அவருடைய தோழர்கள் இருவரும் வெளியிட்ட ஓர் ஆய்வு உளவியல் உலகில் மிகவும் பெயர்பெற்றது. லாட்டரியில் பெரும்பரிசு விழுந்த 22 பேரையும், விபத்தில் கைகால் செயலிழந்த 29 பேரையும், இரண்டுக்கும் ஆளாகாத சாதாரண மனிதர்களையும் அவர்கள் விசாரித்தார்கள். பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சொல்லிக்கொள்ளும்படி அதிக மகிழ்ச்சியோடு இல்லை. விபத்துக்குள்ளானவர்கள் துன்பத்தில்தான் இருந்தார்கள். ஆனாலும் பார்ப்பவர்கள் கற்பனை செய்த அளவுக்கு நொறுங்கிவிடவில்லை. என்னைத் தொட்டது இன்னொரு முடிவு. காலைச் சாப்பாடு, நண்பரோடு பேச்சு போன்ற அன்றாடச் சின்னச் சின்ன இன்பங்கள் லாட்டரி விழுந்தவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே ருசித்தன. பெரிய அதிர்ஷ்டம் சிறிய ருசிகளை மங்க வைத்துவிட்டது.

என் வாழ்க்கையைத் திருப்பிப் பார்த்தால் இது உண்மை என்று தெரிகிறது. அப்பா படுத்த படுக்கையாக இருந்த ஆண்டில் நான் காலை நடையை நிறுத்தினேன், வாசிப்பை நிறுத்தினேன், வேளைக்குச் சாப்பிடுவதையும் விட்டேன். துக்கத்தில் அது இயல்பு என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, நெடுநாள் காத்திருந்த வேலை கிடைத்து நிறையப் பேர் வாழ்த்திய ஆண்டிலும் இதையேதான் செய்திருந்தேன். அப்போதும் நடை நின்றது, வாசிப்பு நின்றது, தூக்கம் கெட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. மேடும் பள்ளமும் என்னிடமிருந்து பறித்தது ஒன்றையே என்பது மேல்சித்தாமூர்க் கிணற்றடியில்தான் எனக்கு உறைத்தது. கலங்கலாக இருந்தபோதும் நான் வடிகட்டவில்லை, தெளிந்திருந்தபோதும் வடிகட்டவில்லை.

சமண மரபு இதை நன்கு அறிந்திருக்கிறது. இல்லறத்தாருக்கு அது சொல்லும் நோன்புகளில் ஒன்று சாமாயிகம். சமநிலையில் அமர்ந்திருத்தல் என்று சொல்லலாம். ஒரு முறைக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். அந்த நேரத்துக்கு லாபம் நட்டம், நண்பன் பகைவன் எதுவும் இல்லை. துன்பம் வந்தபின் தேடிப் போகிற மருந்தாக அதை அவர்கள் வைக்கவில்லை. சந்தையில் நல்ல விலை கிடைத்த நாளிலும் உட்கார வேண்டும்.

பார்சுவநாதரின் கதையும் இதுதான். பிறவி பிறவியாகப் பகை வளர்த்த கமடன், தியானத்தில் நிற்கும் அவர்மேல் புயலையும் பேய்மழையையும் கல்லையும் ஏவுகிறான். நாகராசனாகிய தரணேந்திரன் வந்து படம் விரித்துக் குடை பிடிக்கிறான். கல்லெறிந்தவன் மேல் சினமும் இல்லை, குடை பிடித்தவன் மேல் சார்பும் இல்லை என்று நிற்கிறார் பார்சுவர். தலைக்கு மேல் நாகப்படத்தோடு அவரைச் சிலையில் பார்க்கும்போதெல்லாம் நம் கண் பாம்பின் மேல்தான் போகும். ஃபெஞ்சலுக்குப் பிறகு எனக்கு அந்த மழைதான் நினைவுக்கு வருகிறது. சிலையில் மழை தெரியாது. அந்த முகம் மட்டும் தெரியும்.

சீவக சிந்தாமணியிலும் இதே பாடம் உண்டு. திருத்தக்கதேவர் தம் நாயகன் சீவகனைச் சுடுகாட்டில் பிறக்க வைத்து, பல மணங்கள் முடித்து வைத்து, அரியணையிலும் ஏற்றிய பிறகு ஒரு தோட்டத்துக்கு அழைத்துப் போகிறார். ஆண் குரங்கு பலாச்சுளையைத் தன் துணைக்குக் கொடுக்கிறது. தோட்டக்காரன் குரங்குகளை விரட்டிவிட்டு அந்தப் பழத்தைப் பறித்துக்கொள்கிறான். சீவகன் அங்கேயே விழித்துக்கொள்கிறான். தன் தந்தையிடமிருந்து அமைச்சன் கட்டியங்காரன் பறித்த அரசும், அவனிடமிருந்து தான் மீட்ட அரசும் இதே பலாப்பழம்தானே! கை மாறுவது பழத்தின் இயல்பு. உச்சியில் இருக்கும்போது அவனுக்கு இது புரிந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நமக்குப் பெரும்பாலும் விழுந்த பிறகுதான் தத்துவம் வருகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சமநிலை என்பது கையைக் கட்டிக்கொண்டு விதியே என்று கிடப்பது என்று யாரும் பொருள் கொண்டுவிடக் கூடாது. பயிர் போன உழவருக்கு நிவாரணம் உரிய நேரத்தில் வந்தாக வேண்டும். வாய்க்கால்கள் தூர் வாரப்பட வேண்டும். இவற்றைக் கேட்டு வாங்குவது உரிமை. பயிரை இழந்து வயிற்றெரிச்சலோடு நிற்கும் ஒருவரிடம் போய் மனதைச் சமமாக வைத்துக்கொள் என்று சொல்வது பாவம். அந்தப் பழங்கதையிலும் காங்கேய உடையார் சும்மா இருக்கவில்லை. உடையார்பாளையத்துக்குப் போய் அடைக்கலம் கேட்டார். நிலைமை மாறியதும் திரும்பி வந்தார். ஆசாரியரை அழைத்து வந்தார். கேட்பதில் அவருக்கு வெட்கம் இருக்கவில்லை. மனம் தாங்க முடியாத அளவுக்குக் கனத்துப்போனால் நாமும் அப்படியே கேட்க வேண்டும். 14416 என்ற எண்ணுக்கு அழைத்தால், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உடம்புக்கு மருத்துவரைப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

சரி, நாம் வடிகட்டும் துணி எது? ஒவ்வொருவரும் தேடிக்கொள்ள வேண்டியது அது. எனக்குத் தெரிந்து அதற்கு மூன்று தகுதிகள் வேண்டும். மிகச் சிறியதாக இருக்க வேண்டும், படுத்துப்போன பயிரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலும் செய்ய முடிகிற அளவுக்கு. அதனால் பணமோ பெயரோ வரக் கூடாது. வந்தால் அதுவும் ஏற்ற இறக்கத்தில் சேர்ந்துவிடும். மூன்றாவது, நம்மைத் தாண்டி இன்னொரு உயிருக்கு அது ஏதாவது செய்ய வேண்டும். அலசிய நீரைக் கிணற்றிலேயே இறக்கிவிடும் அந்தக் கடைசி வேலை இல்லாவிட்டால், அது வெறும் சுத்தம்தான். அந்த ஒரு கை நீரில்தான் அன்பு இருக்கிறது. தன் துக்கத்துக்கு நடுவில் வேறொன்றின் நலத்தை எண்ண முடிகிற மனம் முழுதாக உடைந்துபோவதில்லை.

நான் எடுத்துக்கொண்டது எளிய வழக்கம். தினமும் காலையில் காப்பிக்கு முன் தெருமுனைத் தொட்டியில் மாடுகளுக்கும் நாய்களுக்கும் தண்ணீர் நிரப்புகிறேன். பிறகு ஒரு கால்மணி நேரம் பேசாமல் உட்காருகிறேன். இரண்டு நாழிகை இன்னும் எனக்குக் கூடவில்லை. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த நாளிலும் தொட்டி நிரம்பியது. நெருங்கிய நண்பரைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்த மறுநாளும் நிரம்பியது. அந்த இரண்டாவது காலையில் வாளியைத் தூக்கும்போது கை நடுங்கியது; தண்ணீர் பாதி வழியில் சிந்தியது. ஆனாலும் போனேன். தொட்டியடியில் ஒரு கன்றுக்குட்டி காத்துக்கொண்டிருந்தது.

போன தை மாதம் மறுபடி மேல்சித்தாமூர் போனேன். இந்த முறை பயிர் நின்றிருந்தது. களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா பின்கட்டில் இருந்தார். கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. அடியில் கிடந்த கல்கூடத் தெரிந்தது. அவர் துணியை இரண்டாய் மடித்தார்.