ஏ-4 வீதி பொத்துவிலோடு முடிவதில்லை

“சைக்கிள்ள மலைக்குப் போறதா? அதுவும் மாரியிலயா? வெள்ளக்காரன்ட வேலை மச்சான் அது.”

டிசம்பர் லீவுக்குப் பண்டாரவளைப் பக்கம் சைக்கிளில் போவோம் என்று யாராவது வாயைத் திறந்தால் எங்கட ஊர்களில் கிடைக்கிற பதில் இதுதான். சொல்றவர் சில வேளை வாப்பா, சில வேளை ரியூசன் சேர், அநேகமாக எங்கட வயசுக்காரனேதான். இந்த ஒரு வசனத்தோடு எங்களுக்குக் கொஞ்சம் கணக்குத் தீர்க்க இருக்கிறது.

கல்முனை பஸார் நடுவால் ஓடுகிற மெயின் ரோட்டுக்குப் பெயர் ஏ-4. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய என்று வந்து மட்டக்களப்பில் முடிகிற வீதி. எங்கட மனசில் அது பொத்துவிலோடு முடிந்துவிடுகிறது. அறுகம்பேயில் ஒரு பிளேன்டீ, ரெண்டு போட்டோ, திரும்பு. ஆனால் வீதி அங்கே நிற்கவில்லை. மேற்கே திரும்பி லாகுகல காட்டைக் கடந்து சியம்பலாண்டுவ, மொணராகலை, புத்தள, வெல்லவாய என்று போகிறது. அங்கிருந்து ஏறத் தொடங்கினால் தியலும நீர்வீழ்ச்சி ரோட்டோரமே விழுகிறது, பிறகு கொஸ்லாந்தை, பெரகல சந்தி. அதற்கு மேலே, 1,400 மீற்றர் உயரத்தில் ஹப்புத்தளை. கல்முனையிலிருந்து பெரகல வரை 200 கிலோமீற்றர் அளவில் வரும், அதில் ஏற்றம் என்று சொல்லக்கூடியது கடைசி ஒரு நாள்தான். எங்கட வீட்டு வாசலால் போகிற அதே தார் வீதி, நம்பர்கூட மாறவில்லை.

வெள்ளைக்காரன் வேலையாம்! மோட்டார் ரோடு வருவதற்கு எவ்வளவோ காலம் முந்தி உப்பும் கருவாடும் பொதிமாட்டில் ஏற்றிக்கொண்டு கரையிலிருந்து கண்டி இராச்சியத்துக்கு ஏறிய தவளக்காரர் யார்? அவர்களில் முஸ்லிம்கள் ஏராளம். போகும்போது உப்பு, வரும்போது பாக்கு. மாட்டின் வேகத்தில் மலை ஏறின சமூகம், இன்றைக்கு சைக்கிள் வேகத்தில் ஏறுவதைப் பைத்தியம் என்கிறது.

மழையைச் சொல்லுங்களேன் என்பீர்கள். சரி. வடகீழ்ப் பருவமழை எங்கட வட்டையில் பெரும்போக வெள்ளாமையை வளர்க்கிற மழை. அதேதான் ஊவா மலைச் சரிவிலும் கொட்டுகிறது. முழங்கால் தண்ணிக்குள் நின்று வரம்பு கட்டுற ஊர்க்காரனுக்கு நனைவதைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. குளிர்தான் புதுசு, அதையும் விளங்கிக்கொள்ளலாம். ஏறும்போது குளிராது, வேர்க்கும். குளிர் பிடிப்பது இறக்கத்தில்: உடம்பு வேலை செய்யாது, வேர்த்த சேர்ட்டில் காற்று அடிக்கும், விரல் விறைத்து பிரேக் பிடிக்க முடியாமல் போகும். அதனால் உச்சியில் நின்று காய்ந்த சேர்ட் மாற்ற வேண்டும். நெஞ்சுக்கு உள்ளே பழைய பேப்பர் ஒன்றை மடித்துச் செருகலாம், அல்ப்ஸ் மலையில் ரேஸ் ஓடியவர்கள் செய்த வேலை அது. காலுறைக்கு மேல் ஷொப்பிங் பேக். நனைந்த இரும்பு றிம்மில் பிரேக் கட்டை உடனே பிடிக்காது, இறக்கம் தொடங்க முதலே மெல்ல அழுத்தி றிம்மைத் துடைத்துக்கொண்டே வர வேண்டும். இதில் எதற்கும் டொலர் தேவையில்லை.

டெர்வ்லா மேர்பி என்ற அயர்லாந்துப் பெண் 1963 ஜனவரியில், ஐரோப்பா பல வருசத்துக்குப் பிறகு கண்ட கடும் குளிருக்குள், சைக்கிளில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். ஆசிய ரோட்டுக்குத் தாங்காது என்று கியரைக் கழற்றி வைத்துவிட்டே கிளம்பினார். வெள்ளைக்காரிதான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் கியர் விசயத்தில் அவருடைய வண்டி எங்கட வீட்டுக் கோடியில் சாத்தியிருக்கிற லுமாலாதான். ஓட முடியாத ஏற்றத்தில் இறங்கித் தள்ளினார். தள்ளுவது வெட்கம் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லைபோல.

விசயம் அங்கேதான் இருக்கிறது. மலையுமில்லை, மழையுமில்லை, வெட்கம். 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது இதே கல்முனையில் சைக்கிளுக்கு அடிபட்டோம். விலை கண்டபடி ஏறியது, பழைய சைக்கிளைத் தூசி தட்டி சேர்மாரும் டொக்டர்மாரும் ஓடினார்கள், ஒருவருக்கும் மானம் போகவில்லை. கியூஆர் கோட் வந்து பெற்றோல் ஒழுங்காகக் கிடைத்ததும் சைக்கிள் திரும்பவும் கோடிக்குள். ஏஎல் முடித்த பொடியனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்காத வாப்பா கையாலாகாதவர் என்ற பேச்சும் திரும்பி வந்தது. அந்த மோட்டார் சைக்கிளில் ஹெல்மட் இல்லாமல் மெயின் ரோட்டில் பறப்பதை யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை. ஜனாஸா வந்த பிறகு ஒரு கிழமைக்குச் சொல்வார்கள்.

எங்கட மலைப் பயணம் என்பது என்ன? வேன் ஒன்று, பாட்டு, பிரியாணிப் பார்சல், நுவரெலியாவில் கிரகரி வாவி, ஒரு ஜாக்கெட், இரவோடு இரவாக ஊர். ஜன்னல் கண்ணாடியில் புகார் படிந்திருக்கும், வெளியே யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது. சைக்கிளில் போனால் மணிக்கு ஆறு கிலோமீற்றரில் ஏறுவீர்கள். அந்த வேகத்தில் லயத்து ஆட்களின் முகம் தெரியும், பேச்சுக் கேட்கும். நம்மட மொழிதான் பேசுகிறார்கள் என்பது அப்போதுதான் உறைக்கும்.

இங்கே மற்றப் பக்கத்தாரோடும் எங்களுக்குச் சண்டை. சைக்கிள் பயணம் என்றதும் பெனர், ஒரே நிற ரீசேர்ட், பின்னால் ஒரு பிக்கப், முன்னால் பிரதம அதிதி, “கொட்டும் மழையில் சாதனை”. யாருக்கு முன்னால் சாதனை? அதே மழையில் தலையில் ரெட்டைப் போட்டுக்கொண்டு, அட்டைக் கடியோடு கொழுந்து பறிக்கிற பெண்கள் அந்தச் சரிவில் நிற்கிறார்கள். 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு வருசக்கணக்காகக் கத்தி, 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அவர்கள் முன்னால் எங்கட நனைந்த சேர்ட்டைப் படம் பிடித்துப் போடுவதற்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும். அதே ஏ-4 ஓரம், கொஸ்லாந்தைக்குப் பக்கத்து மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள், ஆட்கள் போவதற்கு வேறு வீடு இருக்கவில்லை. ஆகவே மண்சரிவு எச்சரிக்கை வந்தால் போகாதீர்கள், பாதியில் வந்தாலும் பஸ்ஸில் சைக்கிளை ஏற்றித் திரும்புங்கள். திரும்பிப் போக வீடு இருக்கிறவர்கள் நாங்கள். அதேபோல லாகுகல காட்டை விடியலிலும் மஃரிபுக்குப் பிறகும் கடக்க வேண்டாம், அது யானையின் நேரம்.

வெட்கம் என்று சொன்னோமே, அதன் பெரிய பங்கு பொடியன்மாருக்கு விழவில்லை. எங்கட தங்கச்சிமார் ஆறாம் ஏழாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்குச் சைக்கிளில் போவார்கள். பிறகு ஒரு நாள், யாரும் சட்டம் போடாமலே, “இனிப் போதும், பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க” என்று நிற்கும். அடுத்த நாள் தொடக்கம் ஓட்டோ. எங்கட கூட்டத்தில் உள்ள பெண்களில் சிலருக்கு இப்படித்தான் நின்றது. மழையும் இல்லை, ஏற்றமும் இல்லை, கடற்கரை ஓரத்துத் தட்டை ரோடு. ஹப்புத்தளைக்குப் போவோமா என்று அவர்களில் ஒருத்தியிடம் கேட்டோம். “முதல்ல நான் பஸார் வரைக்கும் ஓடிக் காட்டுறன்” என்றாள்.