குருகிராமில் நான்காவது மாடிக்கு அண்டை வீட்டாரின் கையெழுத்து: விடுபட்டுப்போன கேள்வி எது?

குருகிராம்: டெல்லியை ஒட்டிய குருகிராமின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் ஒருவர் தம் மனையில் நான்காவது மாடி எழுப்ப விரும்பினால், வலப்பக்க வீட்டாரும் இடப்பக்க வீட்டாரும் சம்மதிக்க வேண்டும். வீட்டின் முன்னால் உள்ள சாலை குறைந்தபட்சம் 10 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அண்டை வீட்டார் மறுத்தால், அந்தப் பக்கத்தில் எல்லாத் தளங்களிலும் 1.8 மீட்டர் இடைவெளி விட்டுக் கட்டலாம். 2024 ஜூலை 2ஆம் தேதி, ஹரியானாவின் அப்போதைய நகர் ஊரமைப்புத் துறை அமைச்சர் ஜே.பி. தலால் அறிவித்த ஏற்பாடு இது.

இதில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. சம்மதம் தர மறுப்பவர், பிற்காலத்தில் தம் மனையில் நான்கு மாடி கட்டும் தகுதியை இழப்பார். அண்டை வீட்டுக்காரரின் நான்காவது மாடியை எதிர்த்தால், தம் சொந்த நான்காவது மாடியைத் துறக்க வேண்டும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கு அந்த மாடி தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால், வீட்டை விற்கும் நாளில் அதன் மதிப்பு அந்தத் தகுதியில்தான் இருக்கிறது. மறுப்பதற்கும் விலை வைத்துவிட்டுக் கேட்கப்படும் சம்மதத்தை எந்த அளவுக்குச் சம்மதம் என்று சொல்லலாம் என்பது ஐயத்துக்குரியது.

ஒரு மாடிக்கு ஏன் இத்தனை சிக்கல் என்பதை அறிய, இந்நகர் உருவான விதத்தைப் பார்க்க வேண்டும். 1975ஆம் ஆண்டின் ஹரியானா நகர்ப்புறப் பகுதிகள் மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், தனியார் நிறுவனங்கள் உரிமம் பெற்று மனைப்பிரிவுகள் அமைக்க வழிவகுத்தது. டிஎல்எஃப் சிட்டி, சுஷாந்த் லோக், சவுத் சிட்டி, பாலம் விஹார் என்று இன்று அறியப்படும் பகுதிகள் இவ்வாறு உருவானவை. அரசு நேரடியாக அமைத்த செக்டர்களும் அருகிலேயே உள்ளன. இப்பழைய பகுதிகள் பலவற்றின் மனை வரைபடங்கள், ஒரு மனைக்கு மூன்று குடியிருப்புகள் என்ற கணக்கில் ஒப்புதல் பெற்றவை. ஒரு குடியிருப்புக்கு 4.5 பேர் என்பது திட்டமிடலில் பின்பற்றப்படும் அளவு. அதன்படி ஒரு மனைக்கு 13.5 பேர். சாலை, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், பூங்கா அனைத்தும் இந்த எண்ணை அடியொற்றியே அமைந்தன.

நான்காவது மாடி வந்தால் 13.5 என்பது 18 ஆகிறது. ஒரு மனையில் பார்த்தால் இது சிறிய வேறுபாடு. ஆயிரம் மனைகள் உள்ள ஒரு பகுதியில் 13,500 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 18,000 பேர் வசிப்பார்கள். பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என்பது மத்திய அரசின் அளவுகோல். கூடுதலாக வரும் 4,500 பேருக்கு நாள்தோறும் ஏறத்தாழ 6 லட்சம் லிட்டர் தேவை. 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகளில் கொண்டுவந்தால் 50 லாரிகள். அந்த நீரில் பெரும்பகுதி மூன்று மாடிகளுக்கெனப் பதிக்கப்பட்ட கழிவுநீர்க் குழாய்க்குள்தான் செல்ல வேண்டும்.

அண்டை வீட்டாரின் கையெழுத்து இந்தக் குழாயைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சுவரில் விரிசல் விழுமா, சன்னலுக்கு வெளிச்சம் வருமா, பொதுச்சுவரின் மீது பாரம் ஏறுமா என்பவை பக்கத்து வீட்டார் பதில் சொல்லக்கூடிய கேள்விகள். தெருக்கோடியில் உள்ள சாக்கடை பொங்குமா என்பதற்கு அவர் எப்படிச் சம்மதம் தர முடியும்? பாதிக்கப்படப்போகும் தெருவின் பிற குடும்பங்களிடம் யாரும் கேட்கப்போவதும் இல்லை. ஒரு பகுதியின் தாங்குதிறன் குறித்து அரசு விடை காண வேண்டிய வினா, இரண்டு வீடுகளுக்கு இடையிலான பேரமாகச் சுருங்கியிருப்பதே இவ்விதியின் அடிப்படைக் குறை.

ஹரியானா அரசு இதை அறியாமலில்லை. 2017ஆம் ஆண்டின் கட்டட விதித்தொகுப்பைத் தொடர்ந்து, தரைத்தளத்தைத் தூண்களுடன் வாகன நிறுத்தத்துக்கு விட்டு அதன் மேல் நான்கு மாடிகள் எழுப்பும் முறை வேகமாகப் பரவியது. குடியிருப்போர் சங்கங்களின் எதிர்ப்பு வலுத்ததால், 2023 பிப்ரவரியில் புதிய அனுமதிகள் நிறுத்தப்பட்டன. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி பி. ராகவேந்திர ராவ் தலைமையில் குழு அமைக்கப்பட்டு கருத்துகள் கேட்கப்பட்டன. உள்கட்டமைப்பு தாங்குமா என்று முதலில் தணிக்கை செய்யுங்கள் என்பதே சங்கங்களின் முதன்மைக் கோரிக்கையாக இருந்தது. ஏறக்குறைய 16 மாதங்களுக்குப் பின், சட்டப்பேரவைத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், நிபந்தனைகளுடன் தடை விலக்கப்பட்டது.

தடை நீண்ட நாள் நீடிக்காததற்குப் பணமும் ஒரு காரணம். சிறிய மனைகளில் நிலத்தின் 66 சதவீதப் பரப்பில் கட்டலாம். மூன்று மாடிகளுக்கு அது 198 சதவீதம். நான்கு மாடிகளுக்கு 264 சதவீதம். தமிழகத்தில் எப்.எஸ்.ஐ. என்று அறியப்படும் இந்தத் தளப்பரப்புக் குறியீட்டில், அடிப்படை அளவுக்கு மேற்பட்டதை அரசிடம் கட்டணம் செலுத்தி வாங்கிக்கொள்ளலாம். மனை உரிமையாளர் நிலத்தைத் தருகிறார். கட்டுநர் தம் செலவில் கட்டி, தம் பங்குக்கு ஓரிரு மாடிகளை எடுத்து விற்கிறார். நான்காவது மாடி இல்லையென்றால் இந்தக் கணக்கு பல மனைகளில் கட்டுப்படியாகாது. உரிமையாளர், கட்டுநர், அரசு ஆகிய மூவருக்கும் ஆதாயம். செலவு மட்டும் தெருவுக்கு.

செலவை யார் ஏற்பது என்பதிலும் தெளிவில்லை. உரிமம் தருவதும் கட்டட அனுமதி தருவதும் நகர் ஊரமைப்புத் துறை. பெருங்குழாய்களும் பசாய், சந்து புதேரா நீர் சுத்திகரிப்பு நிலையங்களும் பெருநகர மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பு. தெருக்குழாய்கள் மாநகராட்சியிடமோ, இன்னும் ஒப்படைக்கப்படாத பகுதிகளில் மனைப்பிரிவை அமைத்த நிறுவனத்திடமோ இருக்கின்றன. அனுமதி தரும் கை ஒன்று, குழாய் பதிக்கும் கை வேறொன்று.

வாகன நிறுத்தக் கணக்கும் இடிக்கிறது. 200 சதுர மீட்டர் மனையில் தூண்தளத்தின் பரப்பு 132 சதுர மீட்டர். படிக்கட்டும் லிப்டும் போக நான்கைந்து கார்கள் நிற்கலாம். நான்கு குடும்பங்களுக்கு ஆளுக்கு இரண்டு கார்கள் இருந்தால் மீதி தெருவில்தான். தூண்தளத்தையே அறையாகவோ அலுவலகமாகவோ மாற்றிய வீடுகளும் உண்டு. டிஎல்எஃப் பகுதிகளில் உள்ள விதிமீறல் கட்டடங்கள் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2025 பிப்ரவரியில் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அப்போதைய நிலையே தொடரட்டும் என்றது.

இதே மாநிலத்தின் தலைநகரான சண்டிகரில் நிலைமை நேர்மாறானது. ஒற்றைக் குடியிருப்பு மனைகளைப் பங்குகளாக விற்று மாடிவீடுகளாக்கும் வழக்கத்துக்கு, 1 முதல் 30 வரையிலான செக்டர்களில் 2023 ஜனவரி 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பெங்களூரு அடைந்த சீர்கேட்டை எடுத்துக்காட்டிய நீதிபதிகள், நகர வளர்ச்சிக்கு அனுமதி அளிக்கும் முன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்க வேண்டும் என்று மத்திய, மாநில அரசுகளை வலியுறுத்தினர்.

ஆனால், சண்டிகரின் விடையை குருகிராமுக்கு அப்படியே பொருத்த இயலாது. அங்கு காக்கப்பட்டது, லெ கார்புசியே வடிவமைத்த ஒரு நகரின் மரபு. குருகிராமுக்கு அத்தகைய மரபு இல்லை. வேலை தேடி வருவோர் வரிசைதான் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 15 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவர்களுக்கு வீடு வேண்டும். ஏற்கெனவே சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் உள்ள இடத்தில் அடுக்கிக் கட்டாவிட்டால், நகரம் விளைநிலங்களையும் ஆரவல்லிக் குன்றுகளையும் நோக்கி விரியும். அடர்த்தியை எதிர்ப்போர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மூன்று மாடி வீட்டில் வசதியாக இருந்துகொண்டு நான்காவது மாடி வேண்டாம் என்பதில் சற்றுத் தன்னலமும் கலந்திருக்கிறது.

எனவே மாடியைவிட, அது வரும் வரிசைதான் சிக்கல். தமிழகத்தின் 2019ஆம் ஆண்டு கட்டட விதிகளும் கட்டணத்தின் பேரில் கூடுதல் தளப்பரப்பை வழங்குகின்றன; சாலையின் அகலத்துக்கு ஏற்ப அதன் அளவு மாறுகிறது. அகலமான சாலை போக்குவரத்தைத் தாங்கும். அடியில் உள்ள குழாய் எத்தனை பேரைத் தாங்கும் என்பதைச் சாலையின் அகலம் காட்டாது. குருகிராமின் 10 மீட்டர் நிபந்தனைக்கும் இது பொருந்தும்.

நான்கு குடியிருப்புகளுக்கு முதலிலேயே ஒப்புதல் பெற்ற புதிய மனைப்பிரிவுகளுக்கு இந்த நிபந்தனைகள் பொருந்தா. பழைய பகுதிகளில் மாடிவீடு வாங்க முன்பணம் கொடுப்போர், மனை வரைபடத்தில் எத்தனை குடியிருப்புகளுக்கு ஒப்புதல் உள்ளது, இருபக்க வீட்டாரின் சம்மத ஒப்பந்தம் கோப்பில் இருக்கிறதா, இல்லையென்றால் 1.8 மீட்டர் இடைவெளி தரையில் உண்மையாகவே விடப்பட்டிருக்கிறதா என்பவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். குடிநீர் இணைப்பு எந்த அமைப்பிடம் இருந்து வருகிறது என்பதையும் கட்டுநரிடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுவது நல்லது.