முற்றத்தை உயர்த்திக்கொண்ட பெண்கள்

வெள்ளம் வரப்போகிறது என்றால் நாம் என்ன செய்வோம், சகோதரிகளே? அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் உயரத்தில் ஏற்றிவிட்டு, மேட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்விடுவோம். ஊரில் மேடே இல்லையென்றால்?

பங்களாதேஷின் வடக்கே இப்படிப்பட்ட ஊர்கள் ஏராளம். பிரம்மபுத்திரா நதி அங்கே ஜமுனா என்ற பெயரில் ஓடுகிறது. அது சுமந்து வரும் வண்டல் நடு ஆற்றில் படிந்து தீவுகளாகிறது. இவற்றை வங்காள மொழியில் 'சோர்' என்கிறார்கள். குரிகிராம், காய்பந்தா, ஜமால்பூர், சிராஜ்கஞ்ச் மாவட்டங்களில் இலட்சக்கணக்கானோர் இந்தத் தீவுகளில்தான் குடியிருக்கிறார்கள். எங்கே போவதென்றாலும் தோணிதான். ஆறு ஒரு பக்கம் மண்ணைக் கொண்டுவந்து போடும், மறு பக்கம் அரித்துக்கொண்டு போகும். அதனால் தகரத்தையும் கம்புகளையும் கழற்றித் தோணியில் ஏற்றி, இன்னொரு தீவில் மறுபடி பூட்டக்கூடிய வீடுகளே அங்கு அதிகம்.

1988இல் அந்நாட்டின் பாதிக்கு மேல் நீரில் மூழ்கியது. 1998இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மூழ்கி, இரண்டு மாதங்களுக்கு மேல் தண்ணீர் நின்றது. அணை கட்டினால் என்ன என்று கேட்பீர்கள். 1960களில் மேற்குக் கரையோரமாக 200 கிலோமீற்றருக்கு மேல் நீளமான அணைக்கட்டு எழுப்பப்பட்டது. அது கரையிலுள்ள ஊர்களுக்கு. சோர்வாசிகளோ அணைக்கு ஆற்றுப்பக்கத்தில் இருக்கிறார்கள்.

புகலிடத்துக்குப் போகலாம்தானே என்று சொல்வது இலகு. ஆண்கள் பலர் கூலி வேலை தேடி நகரங்களுக்குப் போயிருப்பார்கள். வீட்டில் இருப்பவள் மனைவி, பிள்ளைகள், ஒரு முதியவர், ஒரு மாடு. அந்நிய ஆண்கள் நிறைந்த இடத்தில், மறைவான மலசலகூடம் இல்லாமல் எத்தனை நாள் இருப்பது? மாட்டை எங்கே கட்டுவது? அதனால்தான் கழுத்தளவு தண்ணீர் வரும்வரை பல பெண்கள் வீட்டை விட்டு நகர்வதில்லை. இதை அறியாமை என்று எழுதுபவர்களை நான் ஒப்புக்கொள்வதில்லை.

2004 முதல் 2016 வரை பிரித்தானியாவும் பின்னர் அவுஸ்திரேலியாவும் உதவிய சோர் ஜீவனோபாயத் திட்டம் இதை விளங்கிக்கொண்டது. பெண்ணை மேட்டுக்கு அழைப்பதை விட்டு, மேட்டை அவளுடைய வளவுக்குள் கொண்டுவந்தது. அதுவரை கண்ட மிக உயர்ந்த வெள்ள மட்டத்துக்கும் இரண்டடி மேலே வீட்டு நிலத்தை மண் போட்டு உயர்த்தினார்கள். வேலையில்லாத மாதங்களில் அந்த ஊராரே, பெண்களும் சேர்ந்து, மண் சுமந்து கூலி பெற்றார்கள். அலை அரிக்காதிருக்கச் சரிவில் புல் நட்டார்கள். மேட்டின் மேல் வீடு, மாட்டுக் கொட்டில், மலசலகூடம், கொஞ்சம் மரக்கறித் தோட்டம். குழாய்க் கிணற்றையும் உயர்த்திவிட்டால் வெள்ளத்தின் நடுவிலும் நல்ல தண்ணீர். மண்மேட்டுக்கு யாரும் நாடா வெட்டித் திறப்பு விழா நடத்த முடியாது. பேரணைகளைப் போல இது பேசப்படாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மற்றதையெல்லாம் அப்பெண்கள் முன்பே அறிந்திருந்தார்கள். தூக்கிச் செல்லக்கூடிய மண் அடுப்பைக் கோடையிலேயே செய்து காயவைப்பது, அவலும் பொரியும் வெல்லமும் சேர்த்து வைப்பது, இதெல்லாம் யாரும் பயிற்சி கொடுத்து வந்ததல்ல.

2020 ஜூலையில் இன்னொரு நல்ல காரியம் நடந்தது. ஜமுனா பெருகப்போகிறது என்று முன்னறிவிப்பு வந்ததுமே, வெள்ளம் உச்சத்துக்கு ஏறுமுன், ஐக்கிய நாடுகள் உதவிப் பணத்தை விடுவித்தது. 23,000க்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு அந்நாட்டு நாணயத்தில் 4,500 டாக்கா வீதம் கையடக்கத் தொலைபேசி வழியாகப் போய்ச் சேர்ந்தது. விதை நெல்லும் பொருட்களும் நனையாமல் வைக்க மூடியுள்ள பீப்பாய்கள் கொடுத்தார்கள். பெண்களுக்கான சுகாதாரப் பொருட்களும் அந்த உதவியில் இருந்தன. நிவாரணம் என்றால் எல்லாம் இழந்த பிறகு வரிசையில் நிற்பது என்றுதானே நாம் பழகியிருக்கிறோம்!

ஆனால் மண்மேடு வெள்ளத்தைத் தடுக்கும், அரிப்பைத் தடுக்காது. ஆறு அடியிலிருந்து வெட்டினால் மேடும் போய்விடும். அதைவிட முக்கியம், திட்டம் தேர்ந்தெடுத்ததே காணியில்லாத குடும்பங்களைத்தான். மேட்டை எழுப்பியது அவர்கள், நிலம் அவர்களுடையதல்ல.

இந்தக் காணிப் பிரச்சினைக்குத் தெற்கே ஒரு வழி கண்டார்கள். அரச நிலத்தைக் காணியற்ற குடும்பத்துக்குக் கொடுக்கும்போது கணவன், மனைவி இருவர் பெயரிலும் கொடுக்க வேண்டும் என்று 1997இல் அந்நாட்டு அரசு கொள்கை வகுத்தது. மேக்னா கடலோடு கலக்கும் நோவாகாலிப் பக்கத்துச் சோர்களில், நெதர்லாந்தின் உதவியோடு 1994இல் ஆரம்பித்த குடியேற்றத் திட்டம் இன்னும் ஒரு படி போனது. காணி உறுதியில் மனைவியின் பெயரை முதலாவதாக எழுதியது. கணவன் விட்டுப் போனாலும், இன்னொருத்தியை மணந்தாலும், அவளை அந்த வளவிலிருந்து எழுப்புவது இப்போது இலகுவல்ல.