சக்கரம் கழற்றக் கற்போம்

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களில் பலருக்கு மோட்டார் சைக்கிள் இன்று ஆடம்பரப் பொருள் அல்ல. அரிசிக்கும் வாடகைக்கும் அடுத்தபடியான அவசியப் பொருள் அது. பீனியாவில் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர், பொம்மசந்திராவிலிருந்து நள்ளிரவில் வீடு திரும்புகிறவர், அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்துவிட்டு மாலையில் பகுதி நேரக் கணக்கு எழுதப் போகிறவர் ஆகிய எல்லோருக்கும் பிழைப்பு இரண்டு சக்கரங்களின் மேல்தான் ஓடுகிறது. அந்தச் சக்கரங்கள் தரையைத் தொடும் இடமோ ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுதான். அந்த உள்ளங்கையளவு ரப்பரைப் பற்றி நாம் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறோம்?

டயர் மாற்றுவது பஞ்சர் கடைக்காரர் வேலை, நமக்கு ஏன் அந்த வம்பு என்று பலரும் இருந்துவிடுகிறோம். இந்த எண்ணம் மாற வேண்டும் என்பதே நமது கருத்து. டியூப் வைத்த டயராக இருந்தால், வீட்டு வாசலில் வைத்து அதைத் தானே கழற்றி மாட்டும் அளவுக்காவது வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஓட்டுகிறவருக்காக வந்த வசதி

டயர் என்பது முதலில் இப்படிக் கழற்றி மாட்டக்கூடிய பொருளாக இருக்கவில்லை. 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் உருவாக்கிய காற்றடைத்த டயர் சக்கரத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சர் ஆனால் அதைப் பிரித்துச் சரிசெய்து, ஒட்டிய பசை காய ஓர் இரவு காத்திருக்க வேண்டும். பிரான்சில் ரப்பர் தொழிற்சாலை நடத்திய மிஷெலின் சகோதரர்களிடம் 1889-இல் ஒரு சைக்கிள்காரர் அப்படி ஒரு டயரைக் கொண்டுவந்தார். அவர் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான், ஓட்டுகிறவரே சில நிமிஷங்களில் கழற்றி மாட்டத்தக்க டயரை அவர்கள் 1891-இல் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு நடந்த பந்தயத்தில், தங்கள் டயரை எவ்வளவு சுலபமாகச் சரிசெய்யலாம் என்று காட்ட அவர்களே சாலையில் ஆணிகளைத் தூவினார்கள் என்று ஒரு கதையும் உண்டு.

ஆகவே, டயரைக் கழற்ற முடிகிற வசதியே வண்டி ஓட்டுகிறவருக்காக ஏற்பட்டதுதான். அந்த வசதியை நாம் இன்னொருவர் கையில் முழுமையாக ஒப்படைத்துவிட்டோம்.

ஆணியைப் பற்றிச் சொன்னோம். நம் ஊரிலும் அந்தக் கதை உண்டு. ஆனால் நோக்கம் வேறு. 2014, 2015-ஆம் ஆண்டுகளில் பெங்களூர் வெளிவட்டச் சாலையில் ஒருவர் காந்தம் பொருத்திய கோலுடன் வேலைக்குப் போகும் வழியில் ஆணிகளைப் பொறுக்கிக் கிலோக் கணக்கில் சேர்த்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. பஞ்சர் வியாபாரத்துக்காகவே சிலர் ஆணி போடுகிறார்கள் என்ற புகார் அப்போது பலமாக எழுந்தது. நேர்மையாக உழைக்கும் கடைக்காரர்களே அதிகம் என்பதில் சந்தேகமில்லை. எனினும், விஷயம் தெரியாதவருக்கு அங்கே பாதுகாப்பு இல்லை. ஓர் ஓட்டை மூன்று ஓட்டையாவதும், நல்ல டியூப் 'போய்விட்டது' என்று தீர்ப்பாவதும், கழற்றத் தெரியாதவர் கண்ணெதிரே நடந்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

தேய்ந்த டயரும் மழையும்

பணத்தைக் காட்டிலும் பெரிய விஷயம் உயிர். டயர் மாற்ற வேண்டும் என்று தெரிந்தும் தள்ளிப்போடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! சம்பளம் வரட்டும், தீபாவளி போனஸ் வரட்டும், ஒரு நாள் லீவு கிடைக்கட்டும் என்று நாள் கடத்துகிறோம். சாலையில் தேங்கும் நீரை இரு பக்கமும் ஒதுக்கிவிடுவதற்காகத்தான் டயரில் பள்ளங்கள் இருக்கின்றன. அவை தேய்ந்துவிட்டால், மழையில் பிரேக் போடும்போது ரப்பருக்கும் தார்ச்சாலைக்கும் இடையே தண்ணீர் நின்றுவிடும், வண்டி வழுக்கும். பின்னால் மனைவியும் நடுவில் குழந்தையும் உட்கார்ந்திருக்கும் வண்டிகள் இவை.

தன் கையால் ஒரு முறை டயரைக் கழற்றியவர் அதைப் பார்க்கும் பார்வையே வேறு. பள்ளங்களுக்குள் சிறு மேடாக அமைந்திருக்கும் தேய்மான அடையாளம் அவர் கண்ணில் படும். அந்த மேடும் டயரின் மேல்பரப்பும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். பக்கச் சுவரில் நான்கு எண்கள் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. புது டயர் என்று சொல்லிப் பல ஆண்டு கிடங்கில் கிடந்ததை விற்றால் இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

வேலை கடினமா?

கடினம் என்பதைவிடப் பொறுமை வேண்டிய வேலை என்பதே சரி. டயர் லீவர் இரண்டு மூன்று, அளவான ஸ்பானர்கள், வால்வு சாவி, கால் பம்பு, சோப்புத் தண்ணீர் ஆகியவை போதும். இவற்றை ஒரு முறை வாங்கினால் ஆண்டுக் கணக்கில் உழைக்கும்.

பின் சக்கரமானால், வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, செயின் இழுப்பின் குறிகள் இரு பக்கமும் எந்தக் கோட்டில் இருக்கின்றன என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு பிரேக் கம்பி, பிரேக்கைப் பிடித்திருக்கும் பட்டை, ஆக்ஸில் நட்டு என்று வரிசையாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே ஒரு பழைய பத்திரிகைத் தாளில் வைக்க வேண்டும். எந்த வாஷர் எந்தப் பக்கம் என்ற குழப்பத்தை அந்தத் தாள் தீர்த்துவிடும்.

சக்கரம் வெளியே வந்தபின் வால்வின் உள் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் போக்கிவிட்டு, டயரின் விளிம்பைக் குதிகாலால் மிதித்து ரிம்மிலிருந்து விடுவிக்க வேண்டும். இந்த வேலையின் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். டயரின் விளிம்புக்குள் நீளாத எஃகுக் கம்பி இருக்கிறது; அதை எவ்வளவு பலமாக நெம்பினாலும் விரியாது. ஆனால் ரிம்மின் நடுப்பகுதி பள்ளமாக இருக்கிறது. லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிர்ப்புற விளிம்பை அந்தப் பள்ளத்தில் அமுக்கிவிட்டால், இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். பலசாலி திணறும் இடத்தில் இது தெரிந்தவர் சுலபமாக முடித்துவிடுவார்.

டியூபை எடுத்தபின், ஓட்டை செய்த ஆணியோ முள்ளோ இன்னும் டயரில் இருக்கிறதா என்று உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்க வேண்டும். இதை விட்டால் புது டியூபும் அன்றைக்கே பஞ்சர்தான். ஸ்போக்ஸ் முனைகளை மூடும் ரிம் டேப் சரியாக இருக்கிறதா என்பதும் முக்கியம். புது டயரில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுழலும் திசையை அது காட்ட வேண்டும். டியூபில் உருண்டு நிற்கும் அளவுக்குக் கொஞ்சம் காற்று ஏற்றி உள்ளே வைத்தால் முறுக்கிக்கொள்ளாது, லீவரிலும் சிக்காது. வால்வுக்கு எதிர்ப்புறத்தில் மாட்டத் தொடங்கி வால்வின் அருகில் முடிக்க வேண்டும். காற்று ஏற்றியபின், டயரின் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் காற்றை விட்டு, மீண்டும் ஏற்ற வேண்டும்.

மாட்டி முடித்ததும் செயின் குறிகள் இரு பக்கமும் சமமா, ஆக்ஸில் நட்டு இறுகியிருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்காமல் வண்டியைத் தெருவில் இறக்கலாகாது. வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கே காற்று இருக்க வேண்டும். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுவது நல்லது.

எல்லை எது?

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. டியூப் இல்லாத டயரை அலாய் ரிம்மிலிருந்து பிரிப்பதற்கும், காற்று கசியாமல் விளிம்பை உட்கார வைப்பதற்கும் இயந்திரமும் கம்ப்ரசரும் உள்ள கடையே தகுந்தது. ஆனால் அந்த டயரில் ஆணி குத்தினால், சக்கரத்தைக் கழற்றாமலே ரப்பர் திரியைச் செருகி அடைக்கும் வேலையை யாரும் கற்கலாம். டிஸ்க் பிரேக் உள்ள சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கை அழுத்தக் கூடாது. ஏ.பி.எஸ். கருவி உள்ள வண்டியில் அதன் உணர்கருவியும் கம்பியும் அடிபடாமல் பார்க்கத் தெரியாதவர்கள் விலகி நிற்பதே நலம்.

எல்லோரும் இப்படிக் கற்றுக்கொண்டால் பஞ்சர் கடைக்காரரின் பிழைப்பு என்னாவது என்று கேட்கலாம். அவர்களிலும் நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் பலர் உண்டு. வீட்டில் சோறு ஆக்கத் தெரிந்ததால் யாரும் ஓட்டலுக்குப் போகாமல் இருப்பதில்லை. வேலை தெரிந்தவர் கடைக்குப் போகும்போது உழைப்பின் மதிப்பறிந்து கூலி கொடுப்பார். அதனால் நேர்மையான கடைக்காரருக்கு நஷ்டம் எதுவும் வராது.

நம்மில் படித்தவர்களிடையே கையில் கிரீஸ் படுவது கௌரவக் குறைவு என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஸ்கூட்டர் வைத்திருந்த குமாஸ்தாவுக்கு இந்த எண்ணம் இருக்கவில்லை. வண்டியுடன் ஸ்டெப்னி வந்தது. வெள்ளைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சாலையோரத்தில் அதை மாற்றத் தெரிந்தவர்தான் ஸ்கூட்டர்க்காரர். அந்தப் பழக்கம் ஸ்டெப்னியோடு போய்விட்டது. இதில் வண்டிக் கம்பெனிகளுக்கும் பொறுப்பு உண்டு. பல புதிய மாடல்களில் சென்டர் ஸ்டாண்டே கிடையாது; கருவிப் பையில் இரண்டு மூன்று சாமான்களுக்கு மேல் இருப்பதில்லை. இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறவர் சக்கரத்தைக் கழற்றுவதற்கான ஸ்பானரையாவது கேட்டு வாங்க வேண்டாமா?

விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் நமது தமிழ் அமைப்புகள், மாதத்தில் ஒரு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். நம்மவர்களிலேயே கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஒரு பழைய வண்டியை நடுவில் நிறுத்தி அவர்களைக் கற்றுக்கொடுக்கச் சொல்லலாம். ஊரிலிருந்து புதிதாக வந்து சேரும் இளைஞர்களையும், வண்டி ஓட்டும் பெண்களையும் தவறாமல் அழைக்க வேண்டும். இரவு ஷிப்டு முடிந்து தனியாக வருகிறவர்களுக்கு இந்தப் பயிற்சி எல்லோரையும்விட அதிகம் தேவைப்படும்.